பயனில்லை என்று சொன்ன பரிசோதனை

உணர்ச்சிகள் சட்டென்று மாறுதல், அன்புக்குரியவர் விட்டுப் போய்விடுவாரோ என்ற கடும் அச்சம், தன்னையே காயப்படுத்திக்கொள்ளுதல் ஆகியவை எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறின் முக்கிய அறிகுறிகள். இது பிடிவாதமும் அல்ல, நடிப்பும் அல்ல, உளநோய். குளிசையால் இதைக் குணமாக்க முடியுமா?

இங்கிலாந்தில் இக்கேள்விக்கு விடை தேடினார்கள். வலிப்பு நோய்க்கும் இருமுனைக் கோளாறுக்கும் கொடுக்கப்படும் லமோட்ரிஜின், சில சிறிய ஆய்வுகளில் நம்பிக்கை தந்திருந்தது. எனவே, இந்நோயுள்ள 276 பேரை எழுமாறாக இரு பிரிவுகளாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு லமோட்ரிஜின். மற்றதற்கு மருந்தே இல்லாத போலிக் குளிசை. யாருக்கு எது கிடைக்கிறது என்பது நோயாளருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது.

போலிக் குளிசை எதற்கு? உயிரியல் பாடத்தில் ஒளித்தொகுப்புக்கு ஒளி தேவை என்று காட்ட, இலையின் ஒரு பகுதியைக் கறுப்புத் தாளால் மூடுகிறோம். மூடிய பகுதியோடு ஒப்பிடாமல் முடிவு சொல்ல முடியாது. இங்கும் அப்படித்தான். துன்பம் உச்சத்தில் இருக்கும்போதே பலர் மருத்துவரிடம் வருகிறார்கள். பிறகு அது தானாகவும் தணியலாம். அந்தப் பெருமையை மருந்துக்குக் கொடுத்துவிடக் கூடாது.

முடிவு 2018 இல் வெளியானது. 52 வாரங்களின் பின், அறிகுறிகளை அளக்கும் அளவுகோலில் மருந்து பெற்றவர்களின் சராசரி 11.3, போலிக் குளிசை பெற்றவர்களுக்கு 11.5. இரு பிரிவினரும் ஓரளவு தேறியிருந்தனர். ஒரு பிரிவு மட்டும் இருந்திருந்தால், "மருந்து வேலை செய்கிறது" என்றே எல்லோரும் சொல்லியிருப்பார்கள்.

இதை நான் தோல்வியாகக் கருதவில்லை. லமோட்ரிஜின் சிலருக்குக் கடுமையான தோல் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியது. பயன் தராத மருந்தின் ஆபத்தை எதற்காகச் சுமக்க வேண்டும்?

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது. மார்ஷா லினெஹன் உருவாக்கிய உளச்சிகிச்சை, தன்னைக் காயப்படுத்தும் செயல்களைக் குறைப்பதை 1991 இல் வெளியான ஆய்வு காட்டியது. உணர்ச்சி பொங்கும் வேளையில் அதைத் தாங்கவும் கையாளவும் அது பயிற்றுவிக்கிறது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ஏற்கெனவே லமோட்ரிஜின் எடுப்பவர் இதை வாசித்துவிட்டுத் தாமாக நிறுத்தக் கூடாது; மருத்துவரிடம் கேட்க வேண்டும். வீட்டில் ஒரு பிள்ளை இப்படித் துன்பப்பட்டால், "ஆக்கள் என்ன சொல்லுவார்கள்" என்று மறைக்காதீர்கள். உளநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். குளிசை இல்லாத நோய்க்கும் சிகிச்சை உண்டு.