விசையை இழுத்தவர் மட்டுமா?

தீபாவளி நெருங்கும் நாள்களில் கிள்ளானின் ஜாலான் தெங்கு கிளானாவில் கால் வைக்க இடமிருக்காது. புடைவைக் கடைகளிலும் பூக்கடைகளிலும் பலகாரக் கடைகளிலும் மக்கள் நிரம்பி வழிவர். அந்த நெரிசலுக்கு நடுவே நகைக்கடை வாசலில் சீருடை அணிந்த பாதுகாவலர் ஒருவர் நிற்பார். அவர் தோளில் துப்பாக்கி தொங்கும். நாம் அவரைப் பார்த்தும் பாராமலும் கடந்து செல்கிறோம். அந்தத் துப்பாக்கியால் வழிப்போக்கர் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால் யார் பொறுப்பேற்பது? ‘விசையை இழுத்தவர்தாம்’ என்று உடனே விடை கூறுவோம். ஆனால், சட்டம் அத்துடன் நின்றுவிடுவதில்லை. அந்தத் துப்பாக்கி அவர் கைக்கு எப்படி வந்தது என்றும் அது கேட்கிறது.

உரிமமும் கடமையும்

நம் நாட்டில் துப்பாக்கி வைத்திருப்பது குடிமக்களின் பிறப்புரிமை அன்று. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, உரிமமோ அனுமதியோ இல்லாமல் எவரும் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருக்கக் கூடாது. மீறுவோருக்கு இச்சட்டத்தின் 8ஆம் பிரிவு ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனையோ 10,000 ரிங்கிட் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. துப்பாக்கியைக் கொண்டு கொள்ளை போன்ற குற்றம் புரிவோர் 1971ஆம் ஆண்டுச் சுடும் ஆயுதங்கள் (கூடுதல் தண்டனை) சட்டத்தின்கீழ் இன்னும் கடுமையான தண்டனையை எதிர்நோக்குவர்.

உரிமம் பெற்றவருக்குப் பொறுப்பு முடிந்துவிடுகிறதா? இல்லை, அங்கேதான் தொடங்குகிறது. துப்பாக்கியை வைத்திருக்க உரிமம் இடமளிக்கிறது. அதைக் கவனமின்றிக் கையாள அது இடமளிப்பதில்லை.

தண்டனையும் இழப்பீடும்

உரிமம் பெற்ற ஒருவர் செம்பனைத் தோட்டத்தில் காட்டுப்பன்றியைச் சுடச் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இருளில் ஒரு புதர் அசைகிறது. அவர் சுடுகிறார். அங்கே இருந்தது விலங்கு அன்று. உடன் வந்த நண்பர். நண்பரைக் கொல்ல வேண்டும் என்ற எண்ணம் அவருக்குச் சிறிதும் இல்லை. இருந்தும் சட்டம் அவரை விசாரிக்கும். சுடுவதற்கு முன் எதிரில் இருப்பது என்ன என்று உறுதி செய்தாரா? நண்பர் எங்கே இருக்கிறார் என்று அறிந்திருந்தாரா?

முன்யோசனையின்றியோ கவனக்குறைவாகவோ செய்த செயலால் ஒருவர் இறந்தால், குற்றவியல் சட்டத்தின் 304ஏ பிரிவின்கீழ் ஈராண்டு வரை சிறைத் தண்டனையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். அதே சட்டத்தின் 80ஆம் பிரிவு மறுபக்கத்தையும் எண்ணிப் பார்க்கிறது. முறையான ஒரு செயலை, முறையான வழியில், குற்ற நோக்கமின்றி, தக்க கவனத்தோடு செய்யும்போது தற்செயலாகத் தீங்கு நேர்ந்தால் அது குற்றமாகாது. ஆகவே, ‘நான் வேண்டுமென்று செய்யவில்லை’ என்று கூறுவது மட்டும் போதாது. ‘நான் கவனமாக இருந்தேன்’ என்பதும் உண்மையாக இருக்க வேண்டும்.

குற்ற வழக்கின் நோக்கம் தவறு செய்தவரைத் தண்டிப்பது. ஆனால், குண்டடிபட்டுக் கை இழந்தவரின் மருத்துவச் செலவை யார் ஏற்பது? அவர் குடும்பத்தின் அன்றாடப் பிழைப்புக்கு யார் வழி செய்வது? இதற்குத் தீர்வு தருவது உரிமையியல் வழக்கு. பாதிக்கப்பட்டவர் இதன்வழி இழப்பீடு கோரலாம். பொறுப்பு யாருடையது என்ற கேள்வி இங்கு மிகவும் முக்கியமாகிறது.

1816ஆம் ஆண்டு வழக்கு

இக்கேள்விக்கு இங்கிலாந்தில் 1816ஆம் ஆண்டிலேயே விடை கிடைத்தது. அவ்வழக்கின் பெயர் ‘டிக்சன் எதிர் பெல்’. அக்கம்பக்கத்தில் திருட்டு மிகுந்திருந்ததால் பெல் என்பவர் தாம் குடியிருந்த வீட்டில் குண்டு நிரப்பிய துப்பாக்கி ஒன்றை வைத்திருந்தார். பின்னர் அவர் வேறிடம் சென்றார். துப்பாக்கியை எடுத்து வரும்படி தம் வீட்டில் வேலை செய்த 13 அல்லது 14 வயதுச் சிறுமியை அனுப்பினார். அதைப் பற்றவைக்கும் மருந்தை நீக்கிவிட்டுக் கொடுக்கும்படி வீட்டுக்காரருக்குச் சொல்லியனுப்பினார். வீட்டுக்காரரும் அவ்வாறே செய்து கொடுத்தார். இனி வெடிக்காது என்று நம்பிய சிறுமி, அவ்வீட்டில் குடியிருந்த டிக்சனின் மகனை நோக்கி விளையாட்டாகத் துப்பாக்கியை நீட்டி விசையை இழுத்தாள். துப்பாக்கி வெடித்தது. எட்டு வயதைக் கடந்திருந்த அச்சிறுவன் வலக்கண்ணையும் இரண்டு பற்களையும் இழந்தான்.

விசையை இழுத்தவள் சிறுமி. மருந்தை நீக்கியவர் வீட்டுக்காரர். பெல் அந்த இடத்திலேயே இல்லை. ஆயினும், நீதிமன்றம் அவரையே பொறுப்பாளியாக்கி, 100 பவுன் இழப்பீட்டை உறுதி செய்தது. குண்டு நிரப்பித் துப்பாக்கியை ஆபத்தான பொருளாக ஆக்கியவரே அதை ஆபத்தற்றதாக்கவும் கடமைப்பட்டவர் என்பது அத்தீர்ப்பின் சாரம். உள்ளிருந்த குண்டை முழுமையாக அகற்றியிருந்தால் அச்சிறுவனின் கண் தப்பியிருக்கும்.

எங்கோ நடந்த பழைய வழக்கு நமக்கு எதற்கு என்று தோன்றலாம். 1956ஆம் ஆண்டு உரிமையியல் சட்டத்தின் 3ஆம் பிரிவு, இங்கிலாந்தின் பொதுச் சட்ட நெறிகள் நம் நாட்டு நீதிமன்றங்களிலும் இடம்பெற வழிவகுத்தது. கவனக்குறைவால் தீங்கு விளைவித்தவர் இழப்பீடு தர வேண்டும் என்ற நெறியும் அவ்வழியே வந்ததுதான்.

பினாங்கு வழக்கு

இனி, நகைக்கடை வாசலுக்குத் திரும்புவோம். பாதுகாவலரை அங்கே நிறுத்தியது ஒரு நிறுவனம். அந்நிறுவனத்திற்குப் பொறுப்பு உண்டா?

2016ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் பினாங்கில் ஒரு துயர நிகழ்வு நடந்தது. பாதுகாப்பு நிறுவனம் ஒன்றில் பணிபுரிந்த மெய்க்காவலர், தாம் காக்க வேண்டியவரையே நெடுஞ்சாலையில் சுட்டுக் கொன்றார். பின்னர், அங்கிருந்த பொதுமக்களை நோக்கியும் சுட்டார். மூவர் மாண்டனர்; மேலும் சிலர் காயமுற்றனர். காயமுற்றவர்களுள் ஒருவர் அந்நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தார்.

கொலை செய்யும்படி எந்த நிறுவனமும் தன் ஊழியரைப் பணிப்பதில்லை. அப்படியிருக்க, ஊழியரின் குற்றத்தை நிறுவனத்தின்மேல் சுமத்துவது முறையா? இவ்வழக்கு கூட்டரசு நீதிமன்றம்வரை சென்றது. ஊழியர் செய்த தீங்குக்கு நிறுவனமும் பொறுப்பு என்று அந்நீதிமன்றம் 2022ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. அவர் செய்த பணிக்கும் விளைந்த தீங்குக்கும் நெருங்கிய தொடர்பு இருப்பதை அது கருத்தில் கொண்டது. ஒருவரைத் துப்பாக்கியோடு பொதுமக்கள் நடுவே அனுப்பும்போது, நிறுவனம் தன் தொழிலுக்காக ஓர் ஆபத்தையும் சேர்த்தே அனுப்புகிறது. அந்த ஆபத்தின் விலையை முன்பின் அறியாத வழிப்போக்கர் தனியே சுமப்பது நியாயமன்று.

பிற நாடுகளிலும் இச்சிந்தனை வலுப்பெற்று வருகிறது. 2021ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 15 வயது மாணவன் ஒருவன் தன் பள்ளியில் நான்கு மாணவர்களைச் சுட்டுக் கொன்றான். அத்துப்பாக்கியைச் சில நாள்களுக்கு முன்புதான் அவன் தந்தை வாங்கியிருந்தார். 2024ஆம் ஆண்டில் தாய், தந்தை இருவருமே குற்றவாளிகள் எனத் தீர்ப்பாகி, தலா 10 முதல் 15 ஆண்டு வரையிலான சிறைத் தண்டனை பெற்றனர்.

நமக்கும் பொருந்தும் பாடம்

நம்மில் பெரும்பாலோர் வாழ்நாளில் துப்பாக்கியைத் தொடப்போவதில்லை. ஆனால், வீட்டுச் சுவரில் தொங்கும் மோட்டார் சைக்கிள் சாவி நம் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. ஓட்டுநர் உரிமம் இல்லாத தம்பி அதைக் கேட்கிறான். ‘கடைக்குத்தானே போகிறான்’ என்று அண்ணன் கொடுத்துவிடுகிறான். உரிமம் இல்லாதவரை வாகனம் ஓட்ட விடுவதும் 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி குற்றமே. சாலையில் ஒருவர் அடிபட்டுக் கிடந்தால், தம்பியோடு அண்ணனும் பதில் சொல்ல வேண்டும்.

பிறருக்குத் தீங்கு விளைவிக்கக்கூடிய பொருளை உடைமையாகக் கொண்டவர், அது தம் கையில் இருக்கும்போது மட்டும் கவனமாக இருந்தால் போதாது. அது யார் கைக்குப் போகிறது, எந்த நிலையில் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். வெள்ளம் வருமுன் அணை போடுவது போன்றது அது. இழப்பீடு எவ்வளவு கிடைத்தாலும், அச்சிறுவன் இழந்த கண் திரும்பி வரவில்லை.

சிந்தித்து விடை எழுதுக

1. குற்ற வழக்கின் நோக்கத்திற்கும் உரிமையியல் வழக்கின் நோக்கத்திற்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.

2. ‘டிக்சன் எதிர் பெல்’ வழக்கில் பெல் எவ்வாறு நடந்திருந்தால் விபத்தைத் தவிர்த்திருக்கலாம்?

3. ஊழியர் இழைத்த தீங்குக்கு நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும் என்பதை ஏற்கிறீரா? காரணங்களுடன் உம் கருத்தை எழுதுக.