மலைநாட்டில் நமக்கு யார் சைரன் ஒலிப்பார்கள்?

அனர்த்தத்தைத் தடுக்க நம்மால் எப்போதும் முடிவதில்லை. ஆனால், அது வரும் செய்தியை முன்கூட்டியே அறியலாம். உயர்தர வகுப்பில் புவியியல் கற்கும் நான், கண்டியில் வாழும் நமக்கு அச்செய்தி எவ்வழியாக வருகிறது எனத் தேடி அறிந்தவற்றை இங்கு பகிர்ந்துகொள்கிறேன்.

சைரன் எவ்வாறு இயங்குகிறது?

அமெரிக்காவில் டொர்னாடோ எனும் சுழல்காற்று நெருங்கினால், வானிலை நிலையம் எச்சரிக்கை விடுக்கும். உடனே உள்ளூர் அதிகாரிகள் கம்பங்களிலுள்ள சைரன்களை ஒலிக்கச் செய்வர். பல நகரங்களில் குறித்த நாளில், குறித்த நேரத்தில் அவற்றை ஒலிக்கவிட்டுப் பரீட்சிப்பார்கள். அன்று வானிலை மோசமாக இருந்தால் பரீட்சை கைவிடப்படும். உண்மையா, ஒத்திகையா என்று மக்கள் குழம்பக்கூடாதல்லவா! இன்னொன்று, இந்தச் சைரன் வெளியில் நிற்பவர்களுக்கானது. வீட்டினுள் உறங்குபவரை எழுப்புவது அதன் நோக்கமன்று.

நமது நாட்டில் 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின்னர், கரையோரத்தில் 77 எச்சரிக்கைக் கோபுரங்கள் அமைக்கப்பட்டன. இவை அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் பொறுப்பிலுள்ளவை.

நமது மலைகளின் நிலை

கடலலை கரையோரம் முழுவதையும் தாக்கும். மண்சரிவோ ஒரு சரிவில் நிகழ, அடுத்த சரிவு அசையாமல் இருக்கும். ஆகவே இங்கு முதலில் கவனிக்கப்படுவது மழையின் அளவாகும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியாலத்தில் பெய்யும் மழையைக் கணக்கிடுகிறது. 75 மில்லிமீற்றரைத் தாண்டி மழை தொடர்ந்தால் மஞ்சள் எச்சரிக்கை, விழிப்பாயிருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் செம்மஞ்சள், வெளியேறத் தயாராக வேண்டும். 150ஐத் தாண்டினால் சிவப்பு, வெளியேறிவிட வேண்டும். 150 மில்லிமீற்றர் என்பது ஒவ்வொரு சதுர மீற்றர் நிலத்திலும் 150 லீற்றர் நீர் விழுவதற்குச் சமம்.

இவ்வெச்சரிக்கை பிரதேச செயலகம், கிராம உத்தியோகத்தர், வானொலி, கைபேசி வழியாக நம்மை வந்தடைகிறது. ஆனால் 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வீசியபோது, பல பகுதிகளில் மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் துண்டிக்கப்பட்டன. சங்கிலியின் கடைசி வளையம் அறுந்தால், கொழும்பில் விடுத்த எச்சரிக்கை நம் வீட்டு வாசலுக்கு வந்து சேராது.

நாமே செய்யும் பரீட்சை

அந்தக் கடைசி வளையம் நாம்தான். நேரான பக்கங்களுடைய ஒரு டின்னை முற்றத்தில் திறந்த வெளியில் வையுங்கள். தினமும் காலை ஒரே நேரத்தில் அடிமட்டத்தால் நீரின் உயரத்தை அளந்துவிட்டு, நீரை ஊற்றிவிடுங்கள். 75 மில்லிமீற்றர் என்றால் ஏழரை சென்றிமீற்றர். சுவரிலோ நிலத்திலோ புதிய வெடிப்பு, சாயும் மரங்கள், திடீரெனக் கலங்கும் அல்லது வற்றும் ஊற்று ஆகியவற்றைக் கண்டால், எந்தச் சைரனுக்கும் காத்திருக்க வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்துக்கும் அறிவிக்கலாம்.

மின்சாரமில்லாத இரவில் பள்ளிவாசல் ஒலிபெருக்கி பற்றரியில் இயங்குமா? அயல்வீட்டின் கதவை யார் தட்டுவது? நடக்க முடியாத உம்மும்மாவை யார் தூக்கிச் செல்வது? எந்தப் பாதையால், யார் வீட்டுக்குச் செல்வது? பெற்றோரே, மழையில்லாத ஒரு நாளில் பிள்ளைகளுடன் இதை ஒருமுறை ஒத்திகை பாருங்கள். பரீட்சிக்கப்படாத சைரனை நம்ப முடியாது. ஒத்திகை பார்க்காத திட்டமும் அப்படித்தான்.