படியும் கிலோவும்

நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தன்று கடைசிப் பந்திக்குச் சோறு போதாமற்போனதை அங்கத்தினர்கள் மறந்திருக்கமாட்டார்கள். நடவை முடித்துக்கொண்டு நேரங்கழித்து வந்தவர்களே அந்தப் பந்தியில் உட்கார்ந்தவர்கள் என்பது நமக்கு இன்றும் மனவருத்தம் தருகிறது. சமையற்காரர் ஐம்பது படி அரிசி கேட்டார். சாமான் வாங்கச் சென்ற நாம் ஐம்பது கிலோ வாங்கிக் கொடுத்தோம். நடந்த பிழை அவ்வளவுதான்.

பிறகு அவருடைய படியிலேயே புழுங்கலரிசியைத் தலைதட்டி அளந்து தராசில் வைத்துப் பார்த்தோம். 1 கிலோ 300 கிராம் இருந்தது. அக்கணக்கில் ஐம்பது படிக்கு 65 கிலோ வேண்டும். பதினைந்து கிலோ அரிசி குறைந்தால் ஒரு பந்தி எப்படி நிரம்பும்?

படி இடத்தை அளப்பது. கிலோ கனத்தை அளப்பது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ நிற்கும். அதே பாத்திரத்தில் அரிசியைக் கொட்டினால், மணிகளுக்கு இடையே காற்று புகுந்துகொள்வதால், 800 முதல் 850 கிராம் வரையே நிற்கும். உமியோடு கூடிய நெல்லோ 600 கிராமைத் தாண்டுவது அரிது. அவலும் பொரியும் இதனினும் மிக லேசானவை.

நெல்லுக்குப் பாதி அரிசி என்று பெரியவர்கள் சொல்வதும், ஆலைக்காரர் நூறு கிலோ நெல்லுக்கு 67 கிலோ அரிசி என்று கணக்குச் சொல்வதும் முரண்போலத் தோன்றும். முன்னது அளவைக் கணக்கு, பின்னது நிறைக் கணக்கு. இரண்டும் ஏறக்குறைய மெய்யே. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகள் ஐந்து பங்கு நெல்லுக்கு இரண்டு பங்கு அரிசி என்று கணக்கிடுகின்றன. உரலில் குத்திய காலம் அல்லவா! ‘ஆடவல்லான்’ என்று மரக்காலின் பெயரையும் அவை குறித்திருப்பது கவனிக்கத்தக்கது. மரக்கால்கள் எல்லாம் ஒன்றல்ல என்பதை அன்றே அறிந்திருந்தனர்.

1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. இன்று நியாயவிலைக் கடையில் அரிசியும் கொள்முதல் நிலையத்தில் நெல்லும் கிலோவில்தான். அடுப்பங்கரையில் மட்டும் ஆழாக்கும் உழக்கும் இன்னும் ஆட்சி செய்கின்றன. எட்டு ஆழாக்கு ஒரு படி. ஆகவே மேற்சொன்ன படிக்கு ஓர் ஆழாக்கு அரிசி சற்றேறக்குறைய 160 கிராம். கும்பமாக அளந்தால் இக்கணக்கு பொய்த்துவிடும். வாய் அகன்ற படியில் கும்பம் பெரிது, ஒடுங்கியதில் சிறிது.

உலைநீரிலும் இந்தத் தவறு நேரும். பச்சரிசி ஒரு பங்குக்கு நீர் இரண்டு பங்கு என்பது அளவைக் கணக்கு. ஒரு கிலோ அரிசியை ஒரு லிட்டர் என்று எண்ணி இரண்டு லிட்டர் நீர் வைத்தால் சோறு விதையாக நிற்கும். கிலோ அரிசி 1.2 லிட்டர் இடம் கொள்வதால் நீர் 2.4 லிட்டர் வேண்டும். பழைய அரிசி இன்னும் சிறிது கேட்கும். கஞ்சி வடிப்பவர்களுக்கு இக்கவலை இல்லை.

சங்கச் சமையற்கூடத்துப் படியின் அடியில் ‘1,300’ என்று இப்போது வண்ணத்தால் எழுதி வைத்திருக்கிறோம். அது புழுங்கலரிசிக்கு உரியது. பச்சரிசிக்கும் உளுந்துக்கும் அடுத்த வாரம் நிறுத்துப் பார்த்து எழுதவிருக்கிறோம். வீட்டுப் படியைக் கொண்டுவரும் அங்கத்தினர்களுக்கும் அன்று சங்கத் தராசில் நிறுத்துக் குறித்துத் தரப்படும்.