அடுக்களைக்கு எத்தனை கத்தி வேண்டும்?



நான் வசிக்கும் ஊர் திருநள்ளாறு. நளபாகத்துக்குப் பெயர்போன நளன், சனியின் பிடியிலிருந்து விடுபட்டதாகத் தலபுராணம் கூறும் ஊர். சனிக்குரிய உலோகம் இரும்பு என்பார்கள். அது சோதிடர்கள் பாடு. சமையலும் இரும்பும் சேர்ந்து எங்கள் வீட்டில் உண்டாக்கிய சிக்கலைத்தான் நான் சொல்லப் போகிறேன்.

என் தாயாருக்கு எழுபத்தாறு வயது. மூட்டுவலி வந்தபின் தரையில் அமர்ந்து அரிவாள்மனையில் நறுக்க முடியவில்லை. மேடையில் நின்று கத்தியால் நறுக்கப் பழகினார். ஒருநாள் தக்காளி நறுக்கும்போது கத்தி வழுக்கி இடக்கை விரலில் மூன்று தையல். கத்தி மிகவும் கூராக இருந்ததா? இல்லை, மழுங்கியிருந்தது! அன்று மாலையே வீட்டிலிருந்த எட்டு வெட்டுக் கருவிகளையும் கூடத்தில் பரப்பினோம். பழைய இரும்பு அரிவாள்மனை ஒன்று, எவர்சில்வர் அரிவாள்மனை ஒன்று, எவர்சில்வர் கத்திகள் மூன்று, பல் வைத்த ரொட்டிக் கத்தி ஒன்று, ஜப்பானில் வேலை பார்த்த என் தம்பி கொண்டுவந்த கத்திகள் இரண்டு.

மழுங்கிய கத்தி ஏன் வழுக்குகிறது? கணக்குப் போட்டுப் பார்ப்போம். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது. 2 நியூட்டன் விசையுடன், அதாவது ஏறக்குறைய 200 கிராம் எடை வைத்தாற்போல, தக்காளியின் மேல் கத்தியை அழுத்துகிறோம். தோலைத் தொடும் விளிம்பின் நீளம் 2 சென்டிமீட்டர் என்க. நன்கு தீட்டிய விளிம்பின் அகலம் 1 மைக்ரான் எனில், அழுத்தம் 10 கோடி பாஸ்கல். வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு! விளிம்பு மழுங்கி 50 மைக்ரான் ஆனால் அதே விசைக்கு 20 லட்சம் பாஸ்கல்தான். தோல் கிழியாது. நாம் விசையைக் கூட்டுகிறோம், கத்தி சறுக்குகிறது, விரல் அகப்படுகிறது.

கூர்மை மட்டும் போதாது, கோணமும் வேண்டும். கத்தி ஓர் ஆப்பு அல்லவா? ஜப்பானியக் காய்கறிக் கத்தியைப் பக்கத்துக்குச் சுமார் 15 பாகையில் தீட்டுவார்கள். சாதாரணக் கத்திக்கு 20 பாகை என்று கொள்ளுங்கள். விளிம்பிலிருந்து 1 மில்லிமீட்டர் உள்ளே முன்னதன் தடிப்பு 0.54 மி.மீ., பின்னதன் தடிப்பு 0.73 மி.மீ. (டான் அட்டவணையைப் புரட்டிச் சரிபாருங்கள்.) தடித்த ஆப்பு காயை வெட்டுவதற்குப் பதில் பிளந்துவிடும்.

அப்படியானால் எல்லாக் கத்தியையும் மெலிதாகத் தீட்டினால் என்ன? எஃகு தாங்க வேண்டுமே! எஃகைச் செந்தணலாகக் காய்ச்சினால் அதிலுள்ள கார்பன் இரும்புக்குள் கரைகிறது. சட்டென்று நீரிலோ எண்ணெயிலோ தோய்த்தால் கார்பன் அணுக்கள் வெளியேற நேரமின்றி உள்ளேயே சிக்கி, இரும்பின் படிக அமைப்பை இறுக்குகின்றன. எஃகு கடினமாகிறது, கூடவே நொறுங்கும் தன்மையும் பெறுகிறது. அதனால்தான் மறுபடி இளஞ்சூட்டில் சற்றுப் பதப்படுத்துகிறார்கள். ஒசாகாவுக்கு அருகிலுள்ள சக்காய் நகரத்துக் கொல்லர்கள் இன்னொரு யுக்தியும் செய்கிறார்கள்: கார்பன் மிகுந்த கடின எஃகை மென்மையான இரும்போடு ஒட்டவைத்து அடிக்கிறார்கள். விளிம்பு கடினம், உடல் மென்மை.

இதில் நமக்கும் பங்குண்டு. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் பழங்கால இரும்பு, எஃகு உலைகளின் தடயங்களை அகழ்வாய்வில் கண்டெடுத்தார்கள். தென்னிந்திய உருக்கு ஐரோப்பாவில் 'வூட்ஸ்' எனப் பெயர் பெற்றது. ஸ்டோடார்ட் என்ற லண்டன் கத்தித் தொழிலாளி அறுவைக் கருவிகளுக்கு அதை உயர்வாக மதித்தார். கொல்லர் மகனான மைக்கேல் பாரடே 1819இல் அந்த உருக்கைப் பகுத்தாய்ந்து, பின்னர் ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து உலோகக் கலவைகளை ஆராய்ந்தார். மின்காந்தத் தூண்டல் வந்தது அதற்குப் பிறகுதான்!

இனி என் அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். தம்பி தந்த காய்கறிக் கத்தியால் ஒருமுறை தேங்காய் மூடியைக் கொத்தினேன். விளிம்பில் அரிசிமணி அளவு சில்லு பெயர்ந்தது. பதறிப்போய் ஓர் இயந்திரச் சாணைக் கடையில் கொடுத்தேன். தீப்பொறி பறக்கத் தீட்டித் தந்தார்கள். விளிம்பு நீலமாக இருந்தது. நீல நிறம் என்றால் சூடு 300 பாகை செல்சியஸை எட்டியது என்று பொருள். பதம் போய்விட்டது. அந்த நீலப் பகுதி முழுவதும் தேயும்வரை பத்து நாள், தண்ணீர் விட்டுச் சாணைக்கல்லில் கையால் தேய்த்தேன்.

சரி, எவற்றை அனுப்பினோம்? தம்பி தந்த மற்றொன்று மீன் வெட்டும் தடித்த கத்தி. காரைக்கால் மீன் அங்காடியில் பெண்களே அரிவாள்மனையில் ஆய்ந்து தந்துவிடுவதால் அது நண்பர் வீட்டுக்குப் போயிற்று. எவர்சில்வர் கத்திகளிடம் காந்தத்தைக் காட்டினோம். இரண்டில் ஒட்டவே இல்லை. அவை பாத்திரம் செய்யும் ரகம். தோய்த்தாலும் கடினமாகாது, கூர் நில்லாது. காந்தம் ஒட்டிய மூன்றாவது தங்கியது. வாழைப்பூவுக்கும் மாங்காய்க்கும் அது அவசியம். இரும்பு பட்டால் அவை கறுத்துப்போகும்.

பழைய அரிவாள்மனையைக் கழிக்க எனக்கு மனம் வரவில்லை. பாசத்தால் மட்டுமன்று. அதன் வளைவைப் பாருங்கள்: காயை நேராகத் தள்ளினாலும் அது அலகின்மேல் சாய்வாக நழுவுகிறது. அழுத்துவதோடு இழுப்பும் சேர்ந்தால் தேவைப்படும் விசை வெகுவாகக் குறையும். இதை ஆட்கின்ஸ் என்பவரின் குழு பாலாடைக்கட்டியை வெட்டி அளந்து 2004இல் வெளியிட்டது. நம் பாட்டிமார் அளக்கவில்லை, அவ்வளவுதான். ஆசாரி அதை மேடை விளிம்பில் அசையாமல் பூட்டித் தந்தார். அம்மா நின்றபடியே இரு கையாலும் நறுக்குகிறார்.

எவர்சில்வர் அரிவாள்மனைக்கும் விடை கொடுத்தோம். ரொட்டிக் கத்தி? நெல்லறுக்கும் கருக்கரிவாளின் தத்துவம்தான் அதன் பல்லிலும். ஆனால் எங்கள் வீட்டுக்கு ரொட்டி வில்லை போட்டே வருகிறது. எட்டு, மூன்றாயிற்று.

உங்கள் வீட்டிலும் சோதிக்கலாம். சமையல் தராசின்மேல் பலகையும் தக்காளியும் வைத்து, முள்ளைச் சுழிக்குக் கொண்டுவாருங்கள். பெரியவர் ஒருவரை நறுக்கச் சொல்லி, தோல் கிழியும் கணத்தில் தராசு காட்டும் எடையைக் குறியுங்கள். முதலில் நேராக அழுத்தியும், பிறகு இழுத்தும் நறுக்கச் சொல்லுங்கள். கூரை விரலால் தடவிப் பார்க்காதீர்கள். அதற்குச் செய்தித்தாள் போதும். எண்களை எனக்கு எழுதியனுப்புங்கள்.