வெள்ளம் வடிந்த பிறகும் ஒரு கடமை

 

2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலை சாத்தாங்காட்டுக்காரர்களான நாம் மறக்க முடியாது. மணலி, எர்ணாவூர் பகுதி வீடுகளுக்குள் வெள்ளத்தோடு எண்ணெயும் புகுந்தது. எண்ணூர் முகத்துவாரத்தில் மிதந்த எண்ணெயை மீனவர்கள் வாளியால் அள்ளினார்கள். பலருக்குக் கண் எரிச்சல், தோல் அரிப்பு.

அல்மாஊன் அத்தியாயம் கண்டிப்பவர்களில் மூன்று பேர்: தொழுகையில் அலட்சியமாக இருப்பவர், பிறர் பார்க்கவேண்டும் என்று செய்பவர், அற்பப் பொருளையும் தர மறுப்பவர். அந்த அற்பப் பொருளுக்கு வாளி, சட்டி, கோடாரி போன்றவை என்று இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் விளக்கம் தந்தார்கள்.

அன்று அந்த மீனவருக்குத் தேவைப்பட்டது என்ன? ஒரு ஜோடி ரப்பர் கையுறை. அதுதான் நம் ஊரின் மாஊன்!

சாப்பாட்டுப் பொட்டலம் முதல் மூன்று நாள் நிறையவே வரும். எலிக்காய்ச்சலோ பெரும்பாலும் ஒன்று, இரண்டு வாரம் கழித்தே தெரியும். அப்போது தெருவில் தன்னார்வலர்கள் குறைந்திருப்பார்கள். அந்த நேரத்தில் நீங்கள் போங்கள். வீடு வீடாகக் கேளுங்கள்: காய்ச்சல் இருக்கிறதா? சர்க்கரை, பிரஷர் மாத்திரை நனைந்துவிட்டதா? பெண்களிடம் நம் சகோதரிகள் பேசட்டும். மருந்தை நீங்களாகக் கொடுக்காதீர்கள்; ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். எந்த மதம் என்று கேட்காதீர்கள். போட்டோ எடுக்காதீர்கள்; அந்த இரண்டாமவர் யார் என்பதை நினைவில் வையுங்கள்.

மழைக்காலம் வருமுன்பே பெயர் கொடுத்து வையுங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக! ஆமீன்.