பல் சிகிச்சைக்குப் பின் நீடிக்கும் வலி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ரூட் கெனால் செய்த பல்லில் நரம்பே கிடையாது, ஆகவே அது வலிக்க வழியே இல்லை என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. சிகிச்சை முடிந்த மறுநாள் அந்தப் பல்லில் சோற்றுப் பருக்கை பட்டாலே வலிக்கும்போது, மருத்துவர் ஏதோ தவறு செய்துவிட்டார் என்று நோயாளி முடிவு கட்டுவது இதனால்தான். நம்பிக்கையில் பாதி மெய். பல்லுக்குள் இருக்கும் கூழும் அதன் நரம்பும் அகற்றப்பட்டுவிடுகின்றன. ஆனால் பல் எலும்பில் நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. வேரைச் சுற்றியுள்ள மெல்லிய நார்த்திசுதான் அதை எலும்போடு பிணைத்து வைத்திருக்கிறது. சாப்பிடும்போது சிறு கல் கடிபட்டால் சட்டென்று உணர்த்துவது இந்தத் திசுவின் நரம்புகள். ரூட் கெனால் சிகிச்சை அவற்றை அகற்றுவதில்லை. வேர்க்குழாய்களைச் சுரண்டி மருந்து நீரால் கழுவும்போது வேர்நுனியை அடுத்த திசு கொஞ்சம் புண்படுகிறது. முன்பே சீழ் கட்டியிருந்தால் அங்கே அழற்சியும் இருக்கும். அது ஆறும்வரை மென்றால் வலிக்கத்தான் செய்யும். பெரும்பாலும் முதல் 2 நாட்களில் வலி உச்சத்தில் இருந்து, ஒரு வாரத்துக்குள் வெகுவாகத் தணிந்துவிடும்.

இதற்கு நேர் எதிரான நம்பிக்கையும் உண்டு: சிகிச்சைக்குப் பின் வரும் வலி எதுவானாலும் போகப் போகச் சரியாகிவிடும். இது முன்னதைவிடக் கெடுதலானது. ஆறுகிற பல்லில் வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறையாமல் அப்படியே நிற்பதற்கும், குறைந்த பின் மறுபடி ஏறுவதற்கும் காரணம் இருக்கும். மேல் முதல் கடைவாய்ப் பல்லுக்குப் பொதுவாக வேர்கள் 3. ஆனால் குழாய்கள் பெரும்பாலும் 4. நான்காவது குழாய் மிகக் குறுகலானது. அது கண்ணில் படாமல் விடுபட்டால் உள்ளே கிருமி தங்கிவிடும். பல்லில் மயிரிழை விரிசல் இருந்தாலும் கடிக்கும்போதோ, கடித்ததை விடும்போதோ சுரீரென்று வலிக்கும்.

முதல் சிட்டிங்கிலேயே வலி போய்விட்டால் வேலை முடிந்தது என்று நினைத்து, அதன் பிறகு போகாமல் விடுபவர்கள் ஏராளம். வலி நின்றது உள்ளிருந்த அழுத்தம் வெளியேறியதால்; சிகிச்சை அப்போது பாதியில்தான் இருக்கிறது. மேலே வைத்த தற்காலிக அடைப்பு சில வாரங்கள் தாங்குவதற்கானது. அது தேய்ந்து இடைவெளி விழுந்ததும் எச்சிலும் கிருமியும் உள்ளே இறங்கி, வலி முன்னைவிடக் கடுமையாகத் திரும்பும். ரூட் கெனால் முடிந்த பின் கேப் போடச் சொல்வதையும் பணம் பறிக்கும் வழியாகப் பலர் பார்க்கிறார்கள். சொத்தைக்காகவும் சிகிச்சைக்காகவும் குடையப்பட்ட கடைவாய்ப் பல்லில் சுவர்கள் மட்டுமே மிஞ்சியிருக்கும். கேப் இல்லாமல் மெல்லும் பாரம் ஏறினால் அவை பிளக்கும். பிளவு வேர்வரை இறங்கிவிட்டால் பல்லைப் பிடுங்குவதைத் தவிர வேறு வழி இருக்காது.

எக்ஸ்ரேயில் வேர்நுனியில் கறுப்பு தெரிவதால் சிகிச்சை தோற்றுவிட்டது என்று முடிவு செய்வதும் சரியல்ல. சீழ் அரித்த எலும்பு மறுபடி நிரம்பப் பல மாதங்கள் ஆகும். சிலருக்கு ஆண்டுக்கணக்கிலும் ஆகலாம். பழைய படத்தோடு ஒப்பிட்டு, கறுப்பு சுருங்குகிறதா, பெருகுகிறதா என்று பார்க்க வேண்டும். அதனால் பழைய எக்ஸ்ரேக்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பது நல்லது.

சாதாரணப் பல் அடைப்புக்குப் பிறகு வரும் கூச்சத்தில் கவனிக்க வேண்டியது, அது எவ்வளவு நேரம் நிற்கிறது என்பது. குளிர்ந்த நீர் பட்டவுடன் கூசி, சில நொடிகளில் மறைந்தால் பல்லின் கூழ் எரிச்சலுற்றிருக்கிறது, ஆனால் தேறிவிடும். சில நாட்களிலோ இரண்டொரு வாரத்திலோ கூச்சம் அடங்கும். சூடான காபி பட்டு வலி பல நிமிடம் நின்றாலும், எதுவும் படாமலே தானாக விண்விண்ணென்று தெறித்தாலும், இரவில் தூக்கத்தைக் கலைத்தாலும் கூழ் மீள முடியாத நிலைக்குப் போயிருக்கக்கூடும். அப்போது ரூட் கெனால் தேவைப்படும். இன்னொரு காரணம் மிக எளியது. அடைப்பு ஓர் இம்மி உயர்ந்திருந்தாலும் கடியின் பாரம் முழுவதும் அந்த ஒரு பல்லில் இறங்கும். வாய் மரத்திருக்கும்போது கடித்துப் பார்ப்பதால் உயரம் அப்போது பிடிபடாமல் போகலாம். நாளடைவில் பழகிவிடும் என்று பொறுத்துக்கொள்வது வீண் வேதனை. மருத்துவர் சில நிமிடங்களில் அதைத் தேய்த்துச் சரிசெய்துவிடுவார்.

மேல் பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை போகும் என்ற அச்சம் தமிழ்நாட்டில் இன்றும் இருக்கிறது. பார்வையைச் சுமப்பது 2-ஆவது மண்டை நரம்பு. மேல் பற்களின் உணர்வைச் சுமப்பது 5-ஆவது மண்டை நரம்பின் கிளை. இரண்டும் வேறு. ஆபத்து இருப்பது மறுபக்கத்தில்தான். மேல் கோரைப்பல்லின் சீழை அப்படியே விட்டால் வீக்கம் கண்ணின் கீழ் இமைவரை ஏறும்.

பல் பிடுங்கிய இடம் முதல் இரண்டு நாள் வலித்து அடங்குவது இயல்பு. அடங்கிவந்த வலி 2 முதல் 4 நாட்களுக்குள் திடீரெனக் கடுமையாகி, காதுவரை பரவி, வாயில் துர்நாற்றமும் சேர்ந்தால், குழியில் உறைந்திருந்த இரத்தக்கட்டி கலைந்து எலும்பு வெளியே தெரிகிறது என்று கொள்ளலாம். கீழ் ஞானப் பற்களில் இது அதிகம். புகைப்பது இதற்கான வாய்ப்பைக் கூட்டுகிறது. வாய் சுத்தமாக இருக்கட்டும் என்று அன்றைக்கே கொப்பளித்து உமிழ்ந்துகொண்டே இருப்பதும் கட்டியைக் கலைத்துவிடும். வெதுவெதுப்பான உப்புநீரால் மெல்லக் கொப்பளிப்பதை 24 மணி நேரம் கழித்துத் தொடங்க வேண்டும். எலும்பு வெளிப்பட்டுவிட்டால், குழியைக் கழுவி மருந்து வைத்த சற்று நேரத்திலேயே வலி தணியத் தொடங்கும்.

வலி நீடித்தால் இன்னொரு கோர்ஸ் ஆன்டிபயாட்டிக் போடலாம் என்று மருந்துக் கடையில் வாங்கி விழுங்குவதுதான் எல்லாவற்றிலும் பரவலான தவறு. ஆன்டிபயாட்டிக் வலிநிவாரணி அல்ல. அழற்சியுற்ற பல்கூழுக்குள் அது போதிய அளவில் போய்ச் சேர்வதுமில்லை. காய்ச்சலோ பரவும் வீக்கமோ இல்லாத பெரும்பாலான பல்வலிகளுக்கு அது வேண்டாம் என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல் கூறுகிறது. அழற்சி வலிக்கு ஐபுப்ரோஃபெனும் பாராசிட்டமாலும் சேர்ந்து நன்றாக வேலை செய்கின்றன. ஆனால் குடற்புண், சிறுநீரக நோய் உள்ளவர்களும், இரத்தத்தை இளக்கும் மாத்திரை எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும், சில ஆஸ்துமா நோயாளிகளும் மருத்துவரைக் கேட்காமல் ஐபுப்ரோஃபென் எடுக்கக் கூடாது. டெங்கு சந்தேகம் இருந்தாலும் அது ஆகாது. காய்ச்சலோடு வீக்கம் தாடைக்கு அடியில் பரவினாலோ, வாயைத் திறக்கவும் விழுங்கவும் மூச்சுவிடவும் சிரமமானாலோ மாத்திரையை நம்பிக் காத்திருக்கலாகாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கிராம்புத் தைலத்தை வெறும் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்க முடியாது. அதிலுள்ள யூஜெனால் பல் மருத்துவர்களே பயன்படுத்தும் பொருள். ஆயினும் நீர்க்காத தைலம் ஈறைப் பொசுக்கும். புண் ஆறாத குழியில் அதைத் தாமாக ஊற்றக் கூடாது. வலிக்கும் இடத்தில் ஆஸ்பிரின் மாத்திரையை அடக்கினால் ஈறு வெந்து வெளுத்துவிடும். புகையிலையை அடக்குவது நோயை ஆற்றுவதில்லை, வாய்ப்புற்றுக்கு வழி திறக்கிறது. வீக்கத்துக்கு முதல் நாள் வெளியிலிருந்து குளிர் ஒத்தடம் போதும்.

எல்லாம் சரியாக நடந்தும் மாதக்கணக்கில் வலி நிற்காதவர்கள் இருக்கிறார்கள். ரூட் கெனாலுக்குப் பின் 6 மாதம் கடந்தும் ஏதோ ஒரு வலி இருப்பதாகச் சொல்வோர் ஏறத்தாழ 20 பேரில் ஒருவர் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பல்லில் குறை ஒன்றும் தெரியவில்லை என்றால் வலி கற்பனை என்று வீட்டாரும் சில வேளை மருத்துவரும் சொல்லிவிடுகிறார்கள். அது அநியாயம். தாடைத் தசையின் இறுக்கமும் சைனஸ் அழற்சியும் பல்வலி போலவே உணரப்படும். காயமுற்ற நரம்பே ஓயாமல் வலிச் சமிக்ஞை அனுப்பிக்கொண்டிருக்கும் நிலையும் உண்டு. அத்தகைய நரம்பு வலியில் பல்லைப் பிடுங்கினாலும் வலி அந்த இடத்திலேயே இருக்கும், அல்லது அடுத்த பல்லுக்கு நகரும். ஒன்றன்பின் ஒன்றாக நல்ல பற்களை இழந்தவர்கள் இப்படித்தான் இழந்தார்கள். பல்லைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி போட்டும் வலி அடங்கவில்லை என்றால் மூலம் வேறிடத்தில் இருக்கலாம் என்று மருத்துவர் சந்தேகிப்பார். பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் வாய்நோய் மருத்துவப் பிரிவு இதைப் பார்க்கும். அமிட்ரிப்டிலின், கேபாபென்டின் போன்ற நரம்பு வலி மருந்துகளைக் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவார்கள். அவை பலன் தரச் சில வாரங்கள் பிடிக்கும்.