பக்கவாதத்திற்குப் பின் இயன்முறை சிகிச்சை: அரை மணி நேரமும் மீதி நாளும்

பக்கவாதத்தால் கை, கால் செயலிழந்தவரைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தினர் எங்களிடம் அடிக்கடி கேட்பதுண்டு: “பிசியோதெரபிஸ்ட் வந்து அரை மணி நேரம் கை காலை அசைத்துவிட்டுப் போகிறார், அதனால் என்ன ஆகிவிடும்?” கேள்வி நியாயமானதே. அந்த இயன்முறை சிகிச்சையாளரின் பணி இன்னதென்று தெரிந்தால், மீதி நேரத்தில் தாங்கள் செய்ய வேண்டியதும் விளங்கும்.

அவரது முதற்பணி மதிப்பிடுதல். எந்தத் தசை வலுவிழந்துள்ளது, எது இறுகத் தொடங்கியுள்ளது, உட்கார்ந்தால் உடல் எப்பக்கம் சாய்கிறது என்பவற்றை அவர் சோதிக்கிறார். நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் கவனித்து அன்றைய பயிற்சியின் அளவை முடிவு செய்கிறார். பக்கவாதம் வந்த முதல் 24 மணி நேரத்திற்குள் அளவுக்கு மீறி எழுப்பி நடக்கவைப்பது தீங்கு தரக்கூடும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே, “இன்று இது போதும்” என்று அவர் நிறுத்துவதும் சிகிச்சையே.

இரண்டாவது பணி காத்தல். தோள்மூட்டைப் பெரிதும் தாங்கி நிற்பவை அதைச் சுற்றியுள்ள தசைகள். அவை செயலிழந்தால் கையின் எடையே மூட்டைக் கீழே இழுக்கும். அந்நிலையில் நோயாளியைக் கையைப் பிடித்து இழுத்தோ, அக்குளில் கைகொடுத்துத் தூக்கியோ எழுப்பினால், மூட்டு விலகி நெடுநாள் வலி உண்டாகலாம். அவ்வலியே பின்னர் பயிற்சிக்குத் தடையாகும். உட்காரும்போது அக்கையைத் தொங்கவிடாமல் தலையணைமீது வையுங்கள்.

மூன்றாவது பணி கற்பித்தல். மூளையின் பாதிக்கப்பட்ட பகுதி செய்துவந்த வேலையை மற்றப் பகுதிகள் ஓரளவு ஏற்க வல்லவை. அதற்கு நோயாளி தாமே முயன்று ஒரே செயலைப் பலமுறை செய்ய வேண்டும். பிறர் அசைத்துவிடுவது மூட்டு இறுகாமலிருக்க உதவும். மூளைக்குப் பாடம் கற்பிக்க அது போதாது. எண்ணெய் தேய்த்து நீவுவதும் இப்பயிற்சிக்கு ஈடாகாது. அன்பின் மிகுதியால் பொத்தான் மாட்டுவது, தலை சீவுவது என அனைத்தையும் நீங்களே செய்துவிட்டால், அவர் பயிலும் வாய்ப்பை இழக்கிறார். ஒரு பொத்தானுக்கு ஐந்து நிமிடம் ஆனாலும் பொறுத்திருங்கள்.

உண்மையைச் சொல்வதும் அவரது பொறுப்பு. முன்னேற்றம் பெரும்பாலும் முதல் சில மாதங்களில் விரைவாகவும், பின்னர் மெதுவாகவும் இருக்கும். எல்லோருக்கும் முழுக்குணம் கிட்டுவதில்லை. முழுக்குணத்திற்கு வாக்களிப்பவரைவிட, “அடுத்த வாரம் பிடிமானமின்றி உட்கார முயல்வோம்” என்று இலக்கு வகுப்பவரை நம்புங்கள்.

வீடு திரும்புமுன் அவரிடம் கேட்டறிய வேண்டியவை நான்கு: படுக்கையிலிருந்து நாற்காலிக்கு எவ்வாறு மாற்றுவது? கையை எவ்வாறு தாங்குவது? எந்தப் பயிற்சியை நாளுக்கு எத்தனை முறை செய்வது? எப்போது நிறுத்துவது? கேட்டதோடு நில்லாமல், அவர் முன்னிலையில் நீங்களே ஒருமுறை செய்து காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.

பயிற்சியின்போது தலைச்சுற்றல் ஏற்பட்டால் உடனே நிறுத்தி உட்காரவையுங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், முகம் கோணுதல், பேச்சுக் குழறல், புதிதாகக் கை கால் தளர்தல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.